பென் அன்னைக்கே சொன்னான்

மக்களே, இன்னைக்கு டெங்கு இல்ல, சுகர் இல்ல, தடுப்பூசி இல்ல. காமிக்ஸ். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2025 ஜூலையில் ‘தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ படம் வந்ததிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வருது. “டாக்டர், அந்த ஹீரோ மாதிரி உடம்பு ரப்பரா இழுபட வாய்ப்பிருக்கா?”

முதல்ல அதை முடிச்சிடுவோம். வாய்ப்பு இருக்கு, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. நம்ம தோல், மூட்டுத் தசைநார், ரத்தக்குழாய் சுவர் எல்லாத்தையும் கட்டி வைத்திருக்கும் நார் கொலாஜன் என்ற புரதம். அது உருவாவதில் மரபணுப் பிழை இருந்தால் வருவது எஹ்லர்ஸ்-டான்லோஸ் சிண்ட்ரோம். 17ஆம் நூற்றாண்டிலேயே வான் மீக்கரன் என்ற டச்சு அறுவை மருத்துவர் ஒரு ஸ்பெயின் இளைஞரைப் பற்றி எழுதி வைத்திருக்கார். வலது மார்புத் தோலை இடது காது வரைக்கும் இழுப்பாராம். 1901ல் எஹ்லர்ஸும் 1908ல் டான்லோஸும் இதை விவரித்ததால் அவர்கள் பெயர் வந்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களை டிக்கெட் போட்டு சர்க்கஸில் காட்டினாங்க. வேடிக்கை பார்த்தவங்களுக்குத் தெரியாதது, அந்த உடம்பில் மூட்டு சும்மா சும்மா நழுவும், சின்னக் காயம்கூட சீக்கிரம் ஆறாது, ஒரு வகையில் பெரிய ரத்தக்குழாயே கிழிஞ்சு போகும். சூப்பர் பவர் கிடையாது.

இனி விஷயத்துக்கு வர்றேன். ரீட் ரிச்சர்ட்ஸ். பட்டப்பெயர் மிஸ்டர் ஃபென்டாஸ்டிக். மார்வெல் உலகத்தின் பெரிய மூளை, நாலு பேர் கொண்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் தலைவர். அவர் உடம்பு இழுபடுவது எனக்குப் பெரிய விஷயமே இல்ல. இருபது வருஷம் முன்னாடி, 1941லேயே, ஜேக் கோல் வரைந்த பிளாஸ்டிக் மேன் இதைவிடப் பிரமாதமா இழுபட்டுச் சிரிக்க வெச்சுட்டான். என்னை இழுத்தது வேற. பெரும்பாலான சூப்பர் ஹீரோ கதைகள் ஹீரோவுக்கு நடந்த ஒரு அநியாயத்தில் தொடங்கும். பெற்றோரைச் சுட்டுடுவாங்க, கிரகமே வெடிச்சுடும். ரீட் கதை, அவரே மத்தவங்களுக்கு இழைத்த ஒரு தவறில் தொடங்குது. அறுபது வருஷத்துக்கும் மேல எழுத்தாளர்கள் மாறி மாறி வந்து அந்த ஒரே தவறைச் சுத்திச் சுத்தி எழுதியிருக்காங்க.

அதுக்கு முன்னாடி ஒரு டாக்டர் கதை. நிஜக் கதை.

ஃபிரெட்ரிக் வெர்தம், நியூயார்க்கில் மனநல மருத்துவர். நல்ல மனுஷன்னுதான் சொல்லணும். கறுப்பின ஏழைகளுக்கு மனநல சிகிச்சையே எட்டாத காலத்தில், 1946ல் ஹார்லெமில் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் கிளினிக் தொடங்கியவர். பள்ளிகளில் இனப் பிரிவினை குழந்தைகளின் மனதை என்ன செய்யும்னு அவர் சொன்ன சாட்சியம், பிரிவினையைச் சட்ட விரோதமாக்கிய வழக்கில் பயன்பட்டது. அதே வெர்தம் 1954ல் ஒரு புத்தகம் எழுதி, குழந்தைகள் கெட்டுப் போவதற்குக் காமிக்ஸ்தான் காரணம்னு அடிச்சுச் சொன்னார். அமெரிக்க செனட் விசாரணை நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே காமிக்ஸ் கோடு என்ற தணிக்கை விதியைப் போட்டுக்கிட்டாங்க. பல கம்பெனிகள் மூடின. ஓவியர்கள் வேலை இழந்தாங்க. பல வருஷம் கழிச்சு அவருடைய ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. 2012ல் ஒரு ஆய்வாளர் அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குழந்தைகள் சொன்னதை வெர்தம் பல இடங்களில் வெட்டி ஒட்டித் தன் முடிவுக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்கார்!

‘எனக்குத் தெரியும், உங்க நல்லதுக்குத்தான்’. இந்த வியாதி எங்க தொழிலில் ரொம்பப் பழசு. இதை ஞாபகத்தில் வெச்சுக்கிட்டு மேல வாங்க.

வெர்தம் புயலில் அடிபட்டு ஒடுங்கிக் கிடந்த கம்பெனிகளில் ஒன்றுதான் பின்னாளில் மார்வெல் ஆனது. 1960ல் போட்டிக் கம்பெனியான டிசி, ஹீரோக்களைக் குழுவாகச் சேர்த்து ஜஸ்டிஸ் லீக் கொண்டுவந்து நல்லா வித்தது. நம்மளும் ஒரு குழு இறக்குவோம்னு மார்வெல் முதலாளி மார்ட்டின் குட்மேன் முடிவு பண்ணார். எழுத ஸ்டான் லீ, வரைய ஜாக் கிர்பி. யார் எதை யோசித்தது என்பதில் லீ சொன்னது ஒரு கதை, கிர்பி சொன்னது வேறொரு கதை. அந்தப் பஞ்சாயத்து கிர்பியின் வாரிசுகள் காலத்தில் கோர்ட் வரை போய் 2014ல்தான் சமரசம் ஆச்சு. ஒண்ணு மட்டும் சொல்லலாம். 1957லேயே கிர்பி டிசிக்காக, விபத்தில் உயிர் தப்பிய நாலு பேர் சாகசக் குழுவாகும் கதையை வரைந்திருந்தார். விபத்து, நாலு பேர், குழு. எனக்கு அது தற்செயலாத் தெரியல.

1961 ஏப்ரல் 12. யூரி ககாரின் 108 நிமிஷத்தில் பூமியைச் சுத்திட்டு இறங்கிட்டார். அமெரிக்காவுக்கு அவமானம். மே மாசம் ஆலன் ஷெப்பர்ட் போய் வந்தார். அதுவும் கால் மணி நேரம், பூமியைச் சுத்தக்கூட இல்ல. ஆகஸ்டில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ் கடைக்கு வந்தது.

கதை இதுதான். ரீட் ஒரு ராக்கெட் கட்டியிருக்கார். அரசாங்க அனுமதி இல்ல. ஓட்டப் போறவன் பென் கிரிம், ரீடின் பழைய நண்பன், கைதேர்ந்த பைலட். அவன் ஒத்துக்க மாட்டேங்கறான். காஸ்மிக் கதிர்கள் உடம்பை என்ன பண்ணும்னு நாம இன்னும் ஒழுங்கா ஆராயவே இல்லையேன்னு கேக்கறான். ரீடுக்குக் கல்யாணம் நிச்சயமான சூ ஸ்டார்ம் குறுக்கே வந்து, கம்யூனிஸ்டுகள் முந்திக்கக் கூடாதுன்னு சொல்லி, பென்னைக் கோழைன்னு குத்திக் காட்டறா. அவ்வளவுதான், பென்னுக்கு ரோஷம் வந்துருது. நடுவுல சூவின் டீனேஜ் தம்பி ஜானியும் ஒட்டிக்கறான். காவலாளி கண்ணில் மண்ணைத் தூவி நாலு பேரும் ஏறிப் போறாங்க.

கதிர் தாக்குது. ராக்கெட் விழுது. சூ கண்ணுக்குத் தெரியாமப் போறா. ஜானி தீப்பிடிச்சுப் பறக்கறான். ரீட் ரப்பராகறார். மூணு பேரும் நினைச்சா பழைய உருவத்துக்குத் திரும்பிடலாம். வேண்டாம்னு சொன்ன பென் மட்டும் கரடுமுரடா, பூதாகரமா, திரும்பி வர முடியாத ஒரு உருவத்தில் மாட்டிக்கறான்.

நாலு பேரில் யார் மறுத்தானோ அவனுக்குத்தான் பக்கவிளைவு. 1961ல் பத்து சென்ட் விலைக்கு வித்த ஒரு சிறுவர் இதழில் இப்படி ஒரு அடி.

பென் கேட்டது மருத்துவ ரீதியாகவும் சரியான கேள்வி. விக்டர் ஹெஸ் 1912ல் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல ஏறிப் போய்தான், மேல போகப் போகக் கதிர்வீச்சு கூடுதுன்னு கண்டுபிடிச்சார். 1936ல் நோபல் பரிசு. 1958ல் எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோள் போனபோது பூமியைச் சுத்தி ஒரு கதிர்வீச்சு வளையமே இருப்பது தெரிஞ்சது. ஆபத்து இருப்பது தெரியும், அளவு முழுசாத் தெரியாது. 1961ல் நிஜ நிலைமையே அதுதான். இன்னைக்கு நாசா ஒரு விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுக்க 600 மில்லிசீவர்ட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு வரம்பு வெச்சிருக்கு. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.1. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

இப்போ அதே 1961ல் எங்க பக்கம் என்ன நடந்ததுன்னு பாருங்க. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வந்தது. சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் 219 டாக்டர்களிடம் கேட்டிருக்காங்க, உங்க நோயாளிக்குப் புற்றுநோய்னா அதை அவர்கிட்ட சொல்வீங்களான்னு. கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் பொதுவா சொல்றதில்லன்னு சொன்னாங்க. கெட்டவங்க இல்ல. நோயாளி உடைஞ்சு போயிடுவார், நமக்குத் தெரிஞ்சா போதும், நாம பார்த்துக்குவோம்னு நம்பினவங்க. ரீட் ரிச்சர்ட்ஸ் பிறந்த உலகம் அது. வெள்ளைக் கோட்டு போட்டவர் முடிவெடுப்பார், மத்தவங்க ராக்கெட்டில் ஏறிக்கணும்.

அமெரிக்காவைச் சொல்லிட்டு நான் மட்டும் நல்லவன் வேஷம் போட முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதுசு. ராத்திரி கேஷுவாலிட்டி, வெளியே வரிசை. ஒரு அப்பா, மகனை அவசர ஆபரேஷனுக்கு அனுப்பணும். சம்மதப் படிவத்தை நீட்டினேன். “நீங்க சொன்னா சரிங்க சார், எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார். இடத்தைக் காட்டினேன். பேனாவைக் கொடுத்தேன். என்ன ஆபரேஷன், என்ன ஆகலாம், ஒரு வார்த்தை சொல்லல. பையன் நல்லாயிட்டான். அதனாலேயே அந்த ராத்திரி ரொம்ப நாள் என் ஞாபகத்துக்கே வரல. பென் கிரிம் படிச்சப்போதான் வந்தது.

சரி, கதைக்கு வருவோம்.

கிர்பி 1970 வரை 102 இதழ் வரைஞ்சுட்டு விலகினார். அதுவரைக்கும் ரீட் எல்லாத்துக்கும் விடை வெச்சிருக்கும் குடும்பத் தலைவர்தான். 1965ல் சூவைக் கல்யாணம் பண்றார். 1968ல் பிரசவ நேரம், சூவின் ரத்தத்தில் இருக்கும் காஸ்மிக் கதிர்வீச்சால் தாயும் சேயும் ஆபத்தில். ரீடும் பென்னும் ஜானியும் இன்னொரு பிரபஞ்சத்துக்கே போய் மருந்துக்கான பொருளைப் பறிச்சுட்டு வர்றாங்க. ஃபிராங்க்ளின் பிறக்கறான். சுபம். நிதானமா யோசிச்சா, மனைவி ரத்தத்துக்குள்ள அந்தக் கதிர் வந்தது யாரால?

1973ல் ஜெர்ரி கான்வே எழுதிய கதையில் அந்த சுபம் உடையுது. ஃபிராங்க்ளினின் சக்தி கட்டுக்கடங்காமப் பெருகி உலகத்துக்கே ஆபத்துங்கற நிலை. ரீட் ஒரு ஆயுதத்தை எடுத்துத் தன் பையன் மூளையை மயக்கத்துக்குத் தள்ளிடறார். அம்மாவைக் கேக்கல. ‘நேரம் இல்ல’ என்பது அவர் பக்க நியாயம். சூ பையனைத் தூக்கிட்டுப் போயிடறா. எமர்ஜென்சியில் சம்மதம் இல்லாமலே சிகிச்சை தரலாம், சட்டமே அதை அனுமதிக்குது. ஆனா பக்கத்துலயே பெத்தவ நிக்கறாளே? ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

இவங்க கதையை ஒரு மருத்துவருக்குப் புரியற மாதிரி எழுதினவர்னா ஜான் பைர்ன்தான். 1981லிருந்து அஞ்சு வருஷம், எழுத்தும் ஓவியமும் அவரே. மூணு கதை சொல்றேன்.

ஒண்ணு. கிரகங்களையே தின்னும் காலக்டஸ் நியூயார்க்கில் விழுந்து சாகக் கிடக்கறான். விட்டா தொல்லை ஒழிஞ்சது. ரீட் அவனைக் காப்பாத்தறார். எழுந்து போன காலக்டஸ் கொஞ்ச நாளில் கோடிக்கணக்கான உயிர்களோட ஒரு கிரகத்தையே தின்னுடறான். 1984ல் ரீடைக் கூண்டில் ஏத்தறாங்க, நீதானே காப்பாத்தினேன்னு. போலீஸ் கூட்டிட்டு வர்ற கொலைக் குற்றவாளிக்கும் தையல் போடற எங்களுக்கு இந்தக் கேஸ் நல்லாப் புரியும். சிகிச்சை கொடுத்ததுக்காக அவர்மேல எனக்குக் கோபமே இல்ல. கதையில் வரும் தீர்ப்புலதான் எனக்கு உடன்பாடில்ல. பிரபஞ்ச சக்தியே நேரில் வந்து, காலக்டஸ் இருக்கறது இயற்கைக்கு அவசியம்னு எல்லாருக்கும் உணர்த்திட்டுப் போயிடுது. கேள்வியை மேல் அதிகாரியை வெச்சு மூடின மாதிரி இருக்கும்.

ரெண்டு. அதே 1984, 267ஆம் இதழ். சூ ரெண்டாவது முறை கர்ப்பம். மறுபடியும் கதிர்வீச்சுச் சிக்கல். இந்த முறை ரீட் தனக்கு மட்டும் எல்லாம் தெரியும்னு நிக்கல. புரூஸ் பேனர், லாங்கோவ்ஸ்கி, மோர்பியஸ்னு கதிர்வீச்சு தெரிஞ்ச எல்லாரையும் கூப்பிடறார். யாருக்கும் பிடிபடல. இதில் தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருத்தன்தான், வில்லன் டாக்டர் ஆக்டோபஸ். மனநல மருத்துவமனையில் இருக்கறவனைத் தேடிப் போய்க் கெஞ்சறார். நடுவுல சண்டை, சேதம், அப்புறம் ஒருவழியா அவன் சம்மதிக்கறான். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்றாங்க. வாசலில் டாக்டர்கள் நிக்கறாங்க. குழந்தை போயிடுச்சு.

பிரசவ வார்டில் வேலை பார்த்த யாரும் அந்தக் கடைசிப் பக்கத்தைச் சட்டுனு புரட்ட மாட்டாங்க. தூரத்துலருந்து ரெஃபர் ஆகி ஆம்புலன்ஸில் வந்து இறங்கற அப்பா முகத்தை நாங்க பார்த்திருக்கோம். அந்தச் செய்தியைச் சொல்லற ஆளா வாசலில் நின்னும் இருக்கோம். எப்படிச் சொல்றதுன்னு எம்.பி.பி.எஸ்ஸில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரல.

மூணு. இதுதான் என்னை ரொம்பப் படுத்தின கதை. பென்னைப் பழையபடி மனுஷனாக்க ரீட் எத்தனையோ தடவை முயற்சி பண்ணியிருப்பார். நிக்கவே நிக்காது. ஏன்னு ஒரு கட்டத்தில் ரீடுக்குப் புரியுது. தடை பென்னின் உடம்பில் இல்ல, மனசில். அவன் காதலி அலிசியாவுக்குக் கண் தெரியாது. அவள் காதலிப்பது இந்தக் கல் உருவத்தை, சாதாரண பென் ஆயிட்டா விட்டுப் போயிடுவாளோன்னு அவன் ஆழ்மனம் பயப்படுது. அந்தப் பயம்தான் சிகிச்சையைத் தட்டி விடுது.

ரீட் இதை பென்கிட்ட சொல்லல. சொன்னா அவன் தாங்க மாட்டான் என்பது அவர் கணிப்பு.

சிகாகோ டாக்டர்கள் சொன்ன அதே காரணம்! வேடிக்கை என்னன்னா, 1979ல் அதே மாதிரி ஒரு ஆய்வு நடந்தப்போ 97 சதவீத டாக்டர்கள் நோயாளிகிட்ட உண்மையைச் சொல்வோம்னு சொல்லிட்டாங்க. பதினெட்டே வருஷத்தில் ஒரு தொழிலே தலைகீழா மாறிடுச்சு. ரீட் மட்டும் 1961லேயே நின்னுட்டார். பின்னால பென்னுக்கு விஷயம் தெரிய வருது. அவன் கோபம் நியாயமான கோபம். கல் உருவத்துக்காக இல்ல, தன் உடம்பைப் பத்தின ஒரு உண்மை தன்னைத் தவிர இன்னொருத்தன் கையில் இருந்ததுக்காக.

2006ன் ‘சிவில் வார்’ பத்தி அதிகம் பேச விரும்பல. அதில் ரீட் அரசாங்கத்துக்கு ஜெயில் கட்டிக் கொடுக்கும் ஆளாகிட்டார். பலருக்குப் பிடிக்கல, எனக்கும்தான். ஆனா பொருந்தலன்னு சொல்ல மாட்டேன். ‘கணக்கு சரியா வந்துடுச்சு, இனி யாரைக் கேக்கணும்’னு நினைக்கற மனுஷன் போய் நிக்கற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

2009ல் ஜொனாதன் ஹிக்மன் வந்தார். அவர் கற்பனையில் பல பிரபஞ்சங்களின் ரீட் ரிச்சர்ட்ஸ்கள் ஒண்ணா உட்கார்ந்து ஒரு சபை நடத்தறாங்க. எல்லா உலகத்தின் பசியையும் போரையும் தீர்க்கறாங்க. நம்ம ரீடும் போய்ச் சேர்றார். அப்புறம்தான் கவனிக்கறார், அங்க இருக்கற மத்தவங்க எல்லாரும் குடும்பத்தை விட்டுட்டு வந்தவங்க. எழுந்து வீட்டுக்கு வந்துடறார். வந்து செய்யும் வேலை, குழந்தைகளைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம். தன் பிள்ளைகள், அனாதைகள், வில்லன் வீட்டுப் பையன், பாதாளத்துப் பிறவிகள்னு எல்லா வகையும் அதில் உண்டு.

அந்தப் பிள்ளைங்கதான் பென்னுக்கு மருந்து கண்டுபிடிக்கறாங்க. ரீட் இத்தனை வருஷம் முட்டி மோதிச் செய்ய முடியாததை, இந்த வாண்டுகள் பாதி செஞ்சுடறாங்க. முழு குணம் கிடையாது. வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் மனுஷனா இருக்கலாம். விஷயத்தை பென்கிட்டயே நேரா சொல்லிடறாங்க. அவன் குடிக்கறான். நியூயார்க் தெருவில் சாதாரண ஆளா, யாரும் திரும்பிப் பார்க்காம நடக்கறான். படிக்கவே ஆனந்தமா இருக்கும்.

2011 தொடக்கத்தில் 587ஆம் இதழ். அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே வேறு பிரபஞ்சத்திலிருந்து ஒரு படை உள்ளே வரப் பார்க்குது. வீட்டில் குழந்தைகளோட இருப்பது ஜானியும் பென்னும்தான். யாராவது ஒருத்தர் அந்தப் பக்கம் நின்னு கதவை மூடணும். பென் முன்னால வர்றான், ஆனா இப்போ அவன் வெறும் மனுஷன். ஜானி அவனை இந்தப் பக்கம் தள்ளிட்டுத் தான் அங்க நின்னுடறான். கதவு மூடுது. பென்னின் கை மறுபடியும் கல்லாகுது. ஓங்கி ஓங்கிக் கதவைக் குத்தறான். திறக்கல.